வீக்கம் வடிந்த பிறகு

தேனீ கொட்டினால் நாய்க்கு மூஞ்சி வீங்கும், ரெண்டு நாளில் வடிந்துவிடும், இதற்கெல்லாம் எதற்கு ரத்தப் பரிசோதனை என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒன்றிரண்டு கொட்டு என்றால் அவர் சொல்வது பெரும்பாலும் சரி. கூட்டமே கலைந்து வந்து மொய்த்தால் கதை வேறு. நாயின் எடையில் கிலோவுக்குச் சுமார் 20 கொட்டு உயிருக்கே ஆபத்து என்பது கால்நடை மருத்துவர்களின் தோராயக் கணக்கு.

அமெரிக்காவின் டெக்சாஸ், அரிசோனா பக்கத்தில் இந்தப் பயம் அதிகம். 1956-ல் வார்விக் கெர் என்ற விஞ்ஞானி ஆப்பிரிக்கத் தேனீக்களைப் பிரேசிலுக்குக் கொண்டுவந்தார். மறு வருடமே சில கூட்டங்கள் தப்பித்தன. அவற்றின் கலப்பு வாரிசுகள் 1990-ல் டெக்சாஸுக்குள் நுழைந்தன. இவற்றின் விஷம் ஒன்றும் கூடுதல் வீரியமல்ல. துரத்தி வருகிற எண்ணிக்கைதான் கொல்கிறது.

விஷத்தில் ஏறக்குறைய பாதி மெலிட்டின். அது சிவப்பணுவின் சவ்வில் ஓட்டை போட, ஹீமோகுளோபின் வெளியே கொட்டி, சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்துக்குப் போகும். சிறுநீரகமும் அடி வாங்கும்.

விசித்திரம் மைக்ரோஸ்கோப்பில் இருக்கிறது. நாயின் சிவப்பணு நடுவில் வெளிறிய தட்டை. விஷம் பட்டபின் அதில் பல, தட்டை சீடையானதுபோல உருண்டு, நடு வெளிறல் இல்லாமல் அடர்சிவப்பாகத் தெரியும். ஸ்ஃபீரோசைட் என்பார்கள். பூனைக்கு அணுவே சிறியது, நடு வெளிறலும் குறைவு. அங்கே இதைப் பிடிப்பது கஷ்டம். தேனீ கொட்டிய மூன்று நாய்களிடம் இதைக் கண்ட விவரம் 1990-ல் தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவ இதழில் வெளியானது. சில நாய்களுக்கு இன்னொரு சிக்கலும் சேரும்: உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்தச் சிவப்பணுக்களை அந்நியமாக நினைத்து அழிக்கத் தொடங்கும். 1999-ல் அமெரிக்காவில் இரண்டு நாய்களிடம் இது பதிவானது.

இதெல்லாம் சில நாள் கழித்தும் தலைகாட்டலாம். வீக்கம் வடிந்து, நாய் சோறு தின்றதும் "தேறிடுச்சு" என்று வீட்டுக்காரர் விட்டுவிடுவார். பிறகு ஈறு வெளுக்கும், மஞ்சள் பூக்கும். கட்டிப்போட்ட நாய்க்குத் தப்பி ஓடவும் வழியில்லை; தேன்கூடு இருக்கிற மரத்தடியில் சங்கிலியை மாட்டுகிறவர்களை என்ன சொல்வது?

கால்நடை மருத்துவமனையில் இந்த விஷத்துக்கென்று முறிமருந்து கிடையாது. கொடுக்குகளைச் சட்டென்று எடுப்பது, சலைன், தேவைப்பட்டால் வேறு நாயின் ரத்தம், எதிர்ப்புச் சக்தி திரும்பித் தாக்கினால் ஸ்டீராய்டு. கூடவே சில நாளைக்கு ரத்தத்தையும் சிறுநீரையும் திரும்பத் திரும்பச் சோதிக்க வேண்டும்.