முதியோரைப் பேண ரோபோ: ஏற்பார்களா மக்கள்?

ஹைதராபாத்: தொழிற்பேட்டைக்குப் பெயர்பெற்ற சனத்நகரில் இஎஸ்ஐ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்கி வருகிறது. உரிய தகுதியுடன் ஓய்வுபெற்ற தொழிலாளர், ஆண்டுக்கு ரூ.120 செலுத்தி, தம் வாழ்க்கைத் துணையுடன் இஎஸ்ஐ திட்டத்தில் சிகிச்சை பெறலாம். ஆனால், வீடு திரும்பிய பின் அவரைப் படுக்கையிலிருந்து தூக்கி அமர்த்துவதும், இரவில் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதும் குடும்பத்தின் பொறுப்பு. பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் பொறுப்பு.

இந்த வேலையை ரோபோவிடம் ஒப்படைக்கலாமா என்ற கேள்வி வெளிநாடுகளில் ஏற்கெனவே மக்கள் முன் வைக்கப்பட்டுள்ளது. ஐரோப்பிய ஆணையம் 2012-ல் 27 நாடுகளில் நடத்திய கருத்துக் கணிப்பில், ரோபோக்களைப் பற்றி 70 சதவீதம் பேர் நல்ல அபிப்பிராயம் தெரிவித்தனர். எனினும், குழந்தைகள், முதியோர், மாற்றுத் திறனாளிகளின் பராமரிப்பில் அவற்றைத் தடை செய்ய வேண்டும் என்றனர் 60 சதவீதம் பேர். ஆலையில் வரவேற்கப்படும் இயந்திரம், பெற்றோரின் படுக்கையருகே வரும்போது மறுக்கப்படுகிறது.

ஜப்பானில் பத்தில் ஏறத்தாழ மூவர் 65 வயதைக் கடந்தவர்கள். அங்கு முதியோரைத் தூக்கி இடம்மாற்றவும், நடக்கத் துணை செய்யவும், கண்காணிக்கவும் கருவிகளை உருவாக்க அரசே ஊக்கமளிக்கிறது. இவை பராமரிப்பவரின் இடுப்பு வலியைக் குறைப்பவை. சீல் குட்டி வடிவிலான 'பாரோ' போன்றவையோ தனிமைக்குத் துணையாக உருவானவை. முன்னது உதவி, பின்னது உறவுக்கு மாற்றா என்பதுதான் தயக்கத்துக்கு அடிப்படை.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தோர் 10.38 கோடி. இந்த எண்ணிக்கை 2050-ல் 34.7 கோடியாகும் என ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் 2023 அறிக்கை மதிப்பிடுகிறது. முதியோருக்கான தொலைபேசி உதவி 2017-ல் ஹைதராபாதில்தான் தொடங்கியது. 2021-ல் 14567 என்ற எண்ணில் தேசிய சேவையாயிற்று. ஆறுதலும் ஆலோசனையும் அதில் கிடைக்கும். தாங்கிப் பிடிக்கும் கை கிடைக்காது.

பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007-ல் நிறைவேறியது. வீட்டுக்கே வந்து பராமரிக்கும் நிறுவனங்களைப் பதிவு செய்து, தரத்தை நிர்ணயிக்க வகைசெய்யும் திருத்த மசோதா 2019-ல் மக்களவையில் அறிமுகமானது. நிறைவேறாத நிலையில், 2024-ல் அவை கலைக்கப்பட்டதும் அது காலாவதியானது.

பணிக்கு ஆள் வைக்க வசதியுள்ள குடும்பம் ரோபோவை ஏற்கலாம், மறுக்கலாம். எந்தத் துணையும் இல்லாத முதியவருக்கு அந்த உரிமை ஏது? இயந்திரம் வருமுன் மனிதத் துணைக்கு வழிசெய்வதே நாடாளுமன்றத்தின் முதற்பணி.