புதுக் காருக்கு எந்த எண்ணெய்?

புதுக் கார் ஒன்று வாசலில் வந்து நின்றதும் நம்மவர் முதலில் செய்வது, அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, அருகிலுள்ள பிள்ளையார் கோவில் வரை ஓட்டிச் சென்று வருவதாகும். அடுத்து நிகழ்வது, அண்டை அயலாரின் ஆலோசனைகள் வந்து குவிவது. அவற்றுள் எஞ்சின் ஆயிலைப் பற்றிய பேச்சே மிகுதி. “கம்பெனியில் ஊற்றியிருப்பது தண்ணீர் போல் இருக்கிறது, கெட்டியானதாக மாற்றிவிடுங்கள்” என்பார் ஒருவர். “ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் கொட்டிவிட்டுப் புது எண்ணெய் ஊற்றுங்கள்” என்பார் இன்னொருவர். “இருப்பதிலேயே விலை உயர்ந்ததைப் போடுங்கள்” என்பார் மூன்றாமவர். மூவரும் நம் நன்மையை நாடுபவர்களே. ஆனால் மூவர் சொல்வதையும் அப்படியே ஏற்றால் நன்மை விளையும் என்பது நிச்சயமில்லை.

பிழைப்பின் பொருட்டுத் தில்லியிலும் நாகபுரியிலும் மும்பையிலும் வாழும் மாதச் சம்பளக் குடும்பத்தார்க்குக் கார் என்பது பல ஆண்டுத் தவணையில் வாங்கும் பொருள். கடன் தீருமுன் எஞ்சின் தேய்ந்துபோனால் அந்த நஷ்டத்தைத் தாங்குவது எளிதன்று. தவறான எண்ணெய் ஊற்றியதாகத் தெரிந்தால் கம்பெனி தரும் உத்தரவாதமும் கைவிட்டுப் போகக்கூடும். ஆகவே இது சிறிய விஷயமன்று.

இதற்கு விடை ஒன்றே. காருடன் கொடுக்கப்படும் கையேட்டில் எந்த எண்ணும் எந்த எழுத்தும் கூறப்பட்டுள்ளனவோ, அவையுள்ள எண்ணெயே அந்தக் காருக்கு உரியது. அதைவிடக் கெட்டியானதும் வேண்டா. வெறுமனே விலை கூடியதும் வேண்டா. ஆயினும் ‘கையேட்டில் இருக்கிறது’ என்று மட்டும் சொன்னால் அண்டை வீட்டுப் பெரியவர் ஒப்புக்கொள்ளமாட்டார். காரணத்தையும் அறிந்து வைத்திருத்தல் நலம்.

பெரியவர் சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. 2014 மே மாதத்தில் உத்தரபாராத் தொழிற்சாலையில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் காரையும், அதற்கு முன்பே மறைந்த பிரீமியர் பத்மினியையும் ஓட்டியவர்கள் 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற கெட்டியான எண்ணெயையே ஊற்றினார்கள். அந்த எஞ்சின்களின் அமைப்புக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. இன்றைய எஞ்சினின் அமைப்பே வேறு. தாங்கிகளுக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளி மிக நுட்பமாகக் கடையப்பட்டது. வால்வுகள் திறக்கும் நேரத்தை வேகத்திற்கேற்ப மாற்றும் கருவியும் பல கார்களில் எண்ணெயின் அழுத்தத்தைக் கொண்டே இயங்குகிறது. குறுகிய வழிகளில் விரைந்து ஓடவேண்டிய எண்ணெய் கெட்டியாக இருந்தால், பம்பு வீணே உழைக்கிறது. பெட்ரோல் கூடுதலாகச் செலவாகிறது. காலையில் எஞ்சினைக் கிளப்பியதும் மேற்பகுதிக்கு எண்ணெய் சென்று சேரத் தாமதமாகிறது.

நாம் பணிபுரியும் ரயில்வேயிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. முற்காலத்து வண்டிகளின் அச்சுப் பெட்டிகளில் எண்ணெயில் ஊறிய நூற்கழிவைத் திணித்து வைப்பார்கள். எண்ணெய் வற்றினால் அச்சு காய்ந்து புகையும். பின்னர் உருளைத் தாங்கிகள் வந்தன; அவற்றுக்குக் கிரீஸ் அடைத்து மூடிவிடுகிறார்கள். பழைய முறை அக்காலத்தில் நன்றாக நடந்தது என்பதற்காக இன்றைய பெட்டியில் எண்ணெயை ஊற்றுவார் யாரும் இல்லை. யந்திரம் மாறினால் அதன் மருந்தும் மாறுகிறது.

டப்பாவில் உள்ள எண்கள்

எண்ணெயின் கெட்டித்தன்மையை எண்ணால் குறிக்கும் முறையை அமெரிக்க மோட்டார் எஞ்சினீயர்களின் சங்கம் 1911-இல் வகுத்தது. எஸ்.ஏ.இ. என்று டப்பாவில் காணப்படுவது அந்தச் சங்கத்தின் பெயர்ச் சுருக்கமே. 0டபிள்யூ-20 என்பதில் ‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண் சிறிதாக இருந்தால், குளிரிலும் எண்ணெய் இளகி ஓடும் என்று பொருள். பின்னுள்ள எண், எஞ்சின் சூடேறியபின் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் காட்டுகிறது. இவை வெப்பநிலையின் டிகிரிகள் அல்ல; வகுப்பைக் காட்டும் எண்களே.

இன்று நம் நாட்டில் விற்கும் பெட்ரோல் கார்கள் பலவற்றின் கையேடுகளில் 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 என்றிருக்கும். சிலவற்றில் 0டபிள்யூ-16 என்றும் இருக்கும். தில்லியில் சனவரி மாத விடியலில் வெப்பநிலை 5 டிகிரி வரை இறங்கும்போது, இளகிய எண்ணெய் எவ்வளவு உதவி என்பதை அங்குள்ள அன்பர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

“தில்லிக்குச் சரி, கோடையில் 45 டிகிரியைத் தாண்டும் நாகபுரிக்குக் கெட்டியான எண்ணெய் வேண்டாமா?” என்று கேட்கலாம். நல்ல கேள்வியே. ஆனால் ஓடும் எஞ்சினின் குளிர்நீரைத் தெர்மோஸ்டாட் எனும் கருவி, ஊர் எதுவாயினும், சுமார் 90 டிகிரியை ஒட்டியே வைத்திருக்கிறது. எண்ணெயின் பின்னெண்ணைத் தீர்மானிக்கும் சோதனைகள் 100 டிகிரியிலும் 150 டிகிரியிலும் நடத்தப்படுகின்றன. அந்த உஷ்ணத்தின் முன் நாகபுரி வெயில் பெரிதன்று. இந்நாட்டு வெயிலை அறிந்தே இங்கு கார் விற்கும் கம்பெனி தன் கையேட்டை அச்சிடுகிறது. வேறொரு வகை எண்ணெயையும் ஊற்றலாம் எனில், அதுவும் அக்கையேட்டின் அட்டவணையிலேயே காட்டப்பட்டிருக்கும்.

எழுத்துகளையும் பார்க்க வேண்டும்

எண் பொருந்தினால் மட்டும் போதாது. எண்ணெயின் தரத்தை எழுத்துகள் காட்டுகின்றன. ஏ.பி.ஐ. என்ற அமெரிக்கப் பெட்ரோலியச் சங்கத்தின் முத்திரையில் பெட்ரோல் எஞ்சினுக்குரிய வகுப்பு ‘எஸ்’ என்று தொடங்கும். 2020 மே மாதம் ‘எஸ்.பி.’ வகுப்பும், 2025 மார்ச் மாதம் ‘எஸ்.க்யூ.’ வகுப்பும் வந்தன. கையேடு பழைய வகுப்பைக் கேட்டால், அதே எண்ணுள்ள புதிய வகுப்பு எண்ணெயை ஊற்றலாம். புதியதைக் கேட்கும் காருக்குப் பழையது ஆகாது.

டர்போ பொருத்திய சிறிய பெட்ரோல் எஞ்சின் வைத்திருப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும். குறைந்த வேகத்தில் பாரம் இழுக்கும்போது, தீப்பொறி எழுமுன்னரே சிலிண்டருக்குள் கலவை தீப்பற்றிக்கொள்வது இத்தகைய எஞ்சின்களில் நேரும் நோய். பிஸ்டனையே உடைத்துவிடக்கூடிய அந்நோய்க்கு எண்ணெயின் சேர்மானமும் ஒரு காரணம். ‘எஸ்.பி.’ வகுப்பு எண்ணெய் அதைத் தடுக்கிறதா என்று சோதிக்கப்பட்டே முத்திரை பெறுகிறது.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்குப்பின், டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி அமைக்கப்பட்டிருக்கிறது. பிடித்த கரி எரிந்துவிடும்; எண்ணெயிலிருந்து வரும் சாம்பல் எரியாது, அடைத்துக்கொள்ளும். ஆகையால் இவற்றுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெயே வேண்டும். ஐரோப்பியக் கார் உற்பத்தியாளர் சங்கத்தின் ஏ.சி.இ.ஏ. முத்திரையில் ‘சி’ என்று தொடங்கும் வகுப்புகள் இத்தகையவை. லாரிக்கு வாங்கிய டப்பாவில் மீதி இருக்கிறதே என்று இதில் ஊற்றலாகாது.

எண்ணும் எழுத்தும் பொருந்திய பின், எந்தக் கம்பெனியின் டப்பா என்பது அவரவர் விருப்பம். இந்தியன் ஆயிலின் சர்வோ ஆனாலும், பாரத் பெட்ரோலியத்தின் மாக் ஆனாலும், வெளிநாட்டுப் பெயர் ஆனாலும், கையேடு கேட்பது டப்பாவில் இருக்கிறதா என்பதே கேள்வி. தனியாகச் சிறு புட்டிகளில் விற்கும் ‘எஞ்சின் டானிக்கு’கள் வேண்டியதில்லை, தேவையான மருந்துகள் எண்ணெயிலேயே கலந்துள்ளன.

மாற்றும் காலம்

புதுக் காரில் தொழிற்சாலையில் ஊற்றிய எண்ணெயை ஆயிரம் கிலோமீட்டரிலேயே கொட்ட வேண்டுமென்பதும் பழைய எஞ்சின்களின் காலத்து வழக்கம். இன்று பல கம்பெனிகளின் அட்டவணை, 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறது. இதில் ‘ஓராண்டு’ என்பதை நம்மவர் மறந்துவிடுகிறார்கள். ஞாயிறுதோறும் கடைவீதிக்கும் கோவிலுக்கும் மட்டும் ஓடும் கார் ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டரே ஓடியிருக்கலாம். ஆனால் எஞ்சின் முழுதும் சூடேறுமுன் நிறுத்திவிடுவதால், எரிபொருளின் துளிகளும் நீர்த்துளிகளும் ஆவியாகாமல் எண்ணெயில் தங்கிவிடுகின்றன. குறைவாக ஓடும் காருக்கும் ஆண்டுக்கொரு முறை எண்ணெய் மாற்றியே தீரவேண்டும். நிறம் கறுத்துவிட்டதே என்று மட்டும் அஞ்ச வேண்டா. அழுக்கைத் தன்னுள் ஏந்திக்கொள்வது எண்ணெயின் கடமைகளுள் ஒன்று.

மாற்றும்போது அருகில் நின்று பாருங்கள். டப்பாவின் முத்திரை உங்கள் கண்ணெதிரில் உடைபடட்டும். பீப்பாயிலிருந்து ஊற்றினால், எந்த எண், எந்த வகுப்பு என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அந்தப் பில்லே பின்னர் உத்தரவாதத்திற்குச் சாட்சி. காலி டப்பா உங்களுடையதாயின், போலி எண்ணெய் விற்பவர் கையில் சேராதபடி துளையிட்டு எறியுங்கள்.

கோடை விடுமுறையில் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை வழியே நாகபுரி, ஐதராபாத், பெங்களூர் கடந்து சேலத்திற்கும் மதுரைக்கும் காரிலேயே செல்லும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. தில்லியிலிருந்து என்றால் அது 2,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பயணம். புறப்படுமுன்னும், இடையில் தங்குமிடத்திலும், சமதரையில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் கழித்து, டிப்ஸ்டிக் கம்பியைத் துடைத்து மீண்டும் செருகி எடுத்துப் பாருங்கள். இரு குறிகளுக்கும் இடையில் எண்ணெய் இருக்க வேண்டும். மேற்குறியைத் தாண்டினாலும் தீங்கே. சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். குறைந்திருந்தால் அதே எண்ணும் வகுப்பும் உள்ள எந்தக் கம்பெனியின் எண்ணெயையும் சிறிது சேர்க்கலாம். முத்திரை பெற்ற எண்ணெய்கள் ஒன்றோடொன்று கலக்கத்தக்கவையே.

ஓட்டும்போது எண்ணெய்க் கிண்டி உருவத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால், ‘அடுத்த ஊர் வரை போய்ப் பார்ப்போம்’ என்று எண்ணலாகாது. அழுத்தம் இல்லை என்பதே அதன் பொருள். பத்திரமான ஓரத்தில் நிறுத்தி, உடனே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அந்நிலையில் ஓட்டும் சில நிமிடங்களே எஞ்சினை அழித்துவிடப் போதுமானவை.

அன்பர்கள் கையேட்டைத் தேடியெடுத்து, அதிலுள்ள எண், வகுப்பு, எத்தனை லிட்டர் என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் காரிலேயே வைத்துவிடுங்கள். ஓட்டுபவர் மட்டுமன்றி, வீட்டிலுள்ள மற்றவர்களும் அந்தச் சீட்டு இருக்குமிடத்தை அறிந்திருக்க வேண்டும். பணிமனைக்குக் காரைக் கொண்டுசெல்பவர் எப்போதும் ஒருவரே அல்லர் அன்றோ?