சம நீள வரிசையா, ஏறியிறங்கும் வரிசையா?

அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களைத் தொகுக்க, எட்டாம் வகுப்பு மாணவர்கள் 40 பேரின் பட்டியலை நோட்பேடில் தட்டச்சு செய்து, பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதியிருந்தேன். ஒரு வரிக்கு ஒரு மாணவர்; தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என ஐந்து எண்கள்; நடுவே இடைவெளி. கணக்குத் தேர்வுக்கு வராத ஒரு மாணவிக்கு அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தேன். அச்சிட்டபோது அவளுடைய அறிவியல் மதிப்பெண் கணக்கின் கீழ் வந்து நின்றது. நிரல் எந்தப் பிழையும் காட்டவில்லை. அந்த மாணவிதான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

காரணம் எளியது. இடைவெளியை வைத்து வரியைப் பிரிக்கும்போது, பைத்தான் எத்தனை இடைவெளி இருந்தாலும் ஒன்றாகவே கொள்ளும். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் நான்கு எண்கள் வந்தன. பைத்தான் பட்டியலுக்குள் பட்டியல் என்பது ஒவ்வொரு வரிக்கும் தனி நீளத்தை அனுமதிப்பது. இதையே 'ஜாக்டு அரே', ஓரம் ஏறியிறங்கும் அணி, என்பார்கள். நான்கும் அதற்குச் சரியே.

சி++ மொழியில் நாம் கற்பிக்கும் இருபரிமாண அணி அப்படியன்று. 40 வரி, 5 நெடுவரிசை என்று அறிவித்தால் 200 அறைகள் நினைவகத்தில் ஒரே தொடர்ச்சியாக ஒதுக்கப்படும். (கணக்கு ஆசிரியருக்கு 'நிரல்' என்றால் நெடுவரிசை, கணினி ஆசிரியருக்கு அது புரோகிராம். வகுப்பில் இதைச் சொல்லிவிடுவது நல்லது.) சி ஷார்ப்பில் இரு வகைகளும் தனித்தனியே உண்டு. ஜாவாவில் இருப்பது அணிகளின் அணி மட்டுமே.

அப்படியானால் சம நீள அணி என்னைக் காப்பாற்றியிருக்குமா? இல்லை. நான்கு எண்களும் இடமிருந்து நிரம்பி, ஐந்தாம் அறையில் தொடக்க மதிப்பான 0 நின்றிருக்கும். தேர்வுக்கு வராதவரும் பூஜ்ஜியம் வாங்கியவரும் ஒன்றல்ல என்பது நமக்குத் தெரியும், அணிக்குத் தெரியாது.

கோப்பிலிருந்து படிக்கும்போது மொத்தம் எத்தனை வரி என்பது கடைசி வரி வரை தெரியாது. ஏறியிறங்கும் அணிக்கு அது பொருட்டில்லை. வரி வர வர சேர்த்துக்கொள்ளலாம். மாணவர் விடுப்பு எடுத்த தேதிகள் போன்ற தரவுக்கு இதுவே பொருத்தம். ஒருவர் 30 நாள் விடுப்பு எடுத்தார் என்பதற்காக 40 பேருக்கும் 30 அறை, ஆக 1200 அறை ஒதுக்குவது வீண். மதிப்பெண் பட்டியல் வேறு. கணக்கில் வகுப்புச் சராசரி வேண்டுமென்றால் மூன்றாம் அறை எல்லா வரியிலும் கணக்காகவே இருக்க வேண்டும். நம்பை நூலகம் இதில் கண்டிப்பானது: 1.24 பதிப்பிலிருந்து, நீளம் மாறுபடும் வரிகளைக் கொடுத்து எண் அணி கேட்டால் பிழை காட்டி நின்றுவிடும்.

இப்போது நான் கோப்பை ஏறியிறங்கும் பட்டியலாகவே படிக்கிறேன். ஒவ்வொரு வரியின் நீளமும் ஐந்துதானா என்று பார்த்த பிறகே சம நீள அணிக்கு மாற்றுகிறேன். ஐந்து இல்லாத வரியின் எண்ணை நிரல் திரையில் காட்டும். இடைவெளிக்குப் பதில் காற்புள்ளி இடுகிறேன். அடுத்தடுத்து இரண்டு காற்புள்ளி வந்தால் நடுவிலுள்ள வெறுமையும் ஓர் இடமாகவே எண்ணப்படும். அதை அப்படியே எண்ணாக மாற்றச் சொன்னால் பைத்தான் பிழை காட்டும். காட்டட்டும். அந்த இடத்தில் 'வரவில்லை' என்று நானே எழுதிக்கொள்கிறேன்.