ஸ்காட்ஸ்டேல்: பாலைவனத்து உல்லாச நகரம்

அமெரிக்காவின் தென்மேற்கே, அரிசோனா மாநிலத் தலைநகரான பீனிக்ஸை அடுத்து, சொனோரா பாலைவனத்தில் அமைந்திருக்கும் ஸ்காட்ஸ்டேல் நகருக்கு, குளிர்காலம் பிறந்ததும் பனி மூடிய வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் தனவந்தர்கள் திரள் திரளாக வந்து சேருகிறார்கள். கலைக்கூடங்களும் கடைவீதிகளும் கோல்ஃப் மைதானங்களுமே அவர்களை ஈர்ப்பவை. மழை அபூர்வமாகப் பெய்யும் அந்தப் பூமியில் இத்தனை போகமும் எவ்வாறு வேரூன்றியது என்று விசாரிக்கப் புகுந்தால், எங்கே தொடங்கினாலும் விசாரணை ஜலத்தில் போய்த்தான் நிற்கும்.

ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, ஹோஹோகம் என்று இன்று அழைக்கப்படும் ஆதிகுடி மக்கள் சால்ட் நதியிலிருந்து கால்வாய்கள் வெட்டி, மக்காச்சோளமும் பருத்தியும் விளைவித்தார்கள். அவர்களுக்குப் பின் நெடுங்காலம் கழித்து, 1885-இல் அரிசோனா கால்வாய் வெட்டி முடிக்கப்பட்டது. அதை நம்பியே ராணுவத்தில் மதகுருவாக ஊழியம் புரிந்த வின்ஃபீல்ட் ஸ்காட் என்பவர் 1888-இல் 640 ஏக்கர் நிலம் வாங்கிப் பழத்தோட்டம் போட்டார். அவர் பெயர் தாங்கி வளர்ந்து, 1951-இல் நகராட்சியானபோது சுமார் 2,000 பேர் வசித்த ஸ்காட்ஸ்டேலில், 2020 கணக்கெடுப்பின்படி 2,41,000-க்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள்.

கலையை நாடி வருபவர் முதலில் காணவேண்டியது, புகழ்பெற்ற கட்டடச் சிற்பி ஃபிராங்க் லாய்ட் ரைட் 1937 முதல் தம் சீடர்களைக் கொண்டு எழுப்பிய டாலியஸின் வெஸ்ட். பாலைவனத்தில் கிடந்த கற்களையே பலகை அச்சுகளில் அடுக்கி, இடையே கான்கிரீட் வார்த்துச் சுவர்களை எழுப்பி, அவற்றின்மேல் ஆரம்பத்தில் வெயிலை வடிகட்டித் தரும் கான்வாஸ் துணியைக் கூரையாக விரித்த அந்த மாளிகை, மலையடிவாரத்தை ஆக்கிரமித்ததாகத் தோன்றாமல், அதன் ஓர் அங்கமாகவே தோற்றமளிக்கிறது. யுனெஸ்கோ அதை 2019-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது. நகர மத்தியில், முன்பு சினிமாக் கொட்டகையாக இருந்த கட்டடத்தில் 1999 முதல் இயங்கும் சமகாலக் கலை அருங்காட்சியகத்தில், ஜேம்ஸ் டரெல் என்னும் கலைஞர் அமைத்த ஓர் அறை உண்டு. அதன் கூரைத் துவாரத்தின் வழியே அந்தி வானம் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அங்கு கலாநுபவம். பழைய நகரப் பகுதியின் ஓவியக் கூடங்கள் வியாழக்கிழமை மாலைகளில் திறந்திருக்கும். வாங்க உத்தேசமில்லாதவரும் தாராளமாக உள்ளே சென்று பார்க்கலாம்.

கடைகளைப் பற்றி அதிகம் விவரிக்க வேண்டியதில்லை. ஃபேஷன் ஸ்கொயர் என்னும் பிரம்மாண்டமான மாலில் கிடைப்பவை உலகத்தின் எந்தப் பெருநகரத்திலும் கிடைப்பவையே. அவ்விடத்துக்கே உரிய சரக்கு, பூர்வகுடிக் கலைஞர்கள் வெள்ளியில் டர்க்காய்ஸ் என்னும் நீலப்பச்சைக் கல்லைப் பதித்துச் செய்யும் நகைகள். பிறர் செய்ததைப் பூர்வகுடியினர் செய்ததாகச் சொல்லி விற்பதை 1990-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. ஆகவே செய்தவர் பெயரையும் அவருடைய குலத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குவதே விவேகம்.

கோல்ஃபுக்கோ இந்நகரம் ஒரு க்ஷேத்திரம் என்றே சொல்லலாம். பிப்ரவரியில் டிபிசி மைதானத்தில் நடைபெறும் பீனிக்ஸ் ஓப்பன் பந்தயத்தில், பதினாறாவது குழியைச் சுற்றிலும் அரங்கம்போல் எழுப்பப்பட்ட மேடைகளில் ஆயிரக்கணக்கானோர் அமர்ந்து, மௌனமே மரியாதையாகக் கருதப்படும் அவ்விளையாட்டைக் கரகோஷத்தாலும் கூச்சலாலும் கலகலக்க வைக்கிறார்கள். மற்ற நாட்களில் விளையாடுபவர் காண்பது வேறொரு விசித்திரம்: முழு நிலத்தையும் புல்லால் போர்த்தாமல், பந்து விழவேண்டிய இடங்களில் மட்டும் தீவு தீவாகப் பசுமையை வளர்த்து, இடையில் சவாரோ என்னும் நெடிய கள்ளிகளும் முட்புதர்களும் உள்ள பாலைநிலத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். புதருக்குள் போன பந்தைத் தேடிக் கையை நுழைப்பது உசிதமல்ல. சத்தமிடும் வால்கொண்ட விரியன்கள் அங்கே உண்டு. கோடையில் பெர்முடா புல்லும், அது காய்ந்து பழுப்பேறும் குளிர்காலத்தில் மேல்விதைத்த ரை புல்லுமாக ஆண்டுக்கு இரண்டு பயிர் நடப்பதால், இலையுதிர் காலத்தில் மைதானங்கள் சில வாரங்கள் மூடப்படுவதும் உண்டு.

அப்புல்லுக்கு நீர் எங்கிருந்து வருகிறது? நகரின் வடபகுதி மைதானங்கள் பலவற்றுக்குச் சுத்திகரித்த கழிவுநீரே பாய்கிறது. குடிநீரில் பெரும்பகுதியோ, கொலராடோ நதியிலிருந்து 540 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் வழியாக வருவது. அந்நதி வற்றிக்கொண்டே வந்ததால், 2022-ஆம் ஆண்டுக்கான அரிசோனாவின் பங்கு குறைக்கப்பட்டது. 2023-இல் நகரசபை, புதிதாகக் கட்டும் வீடுகளின் முன்புறத்தில் இயற்கைப் புல் வளர்க்கக் கூடாதென்று தடை விதித்தது.

செல்ல விரும்புவோர் நவம்பர் முதல் ஏப்ரலுக்குள் செல்வது நலம். கோடையில் கட்டணங்கள் சரியும், ஆனால் வெப்பம் 40 பாகையைத் தாண்டிவிடும். எத்தனை நாள் தங்கினாலும், ஒரு காலைப் பொழுதையேனும் மக்டவல் சொனோரன் காப்புநிலத்துக்கு ஒதுக்கிவையுங்கள். கட்டடங்கள் மலைகளையும் விழுங்கிவிடுமோ என்று அஞ்சிய நகரமக்கள், 1995-இல் தம்மீது தாமே விற்பனை வரி விதித்துக்கொள்ள வாக்களித்துச் சிறிது சிறிதாக வாங்கிக் காத்த நிலம் அது. இன்று அதன் பரப்பு 30,000 ஏக்கருக்கும் அதிகம். செல்வம் கொழிக்கும் அந்நகரத்தில் காணத்தக்கவற்றுள் அதுவே தலையாயது என்பது என் அபிப்பிராயம். அதற்கு நுழைவுக் கட்டணமும் கிடையாது.