சராசரியில் அடங்காத மலை

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பாதையில் புசல்லாவையைக் கடந்து இறம்பொடையை அடையும் பிரயாணி, அருவியின் அழகில் லயித்து நிற்பது இயல்பே. ஆயினும் எதிரே தேயிலைச் சரிவுகளில் நிற்கும், தொழிலாளர் வாழும் லயங்களையும் அவன் சற்று உற்று நோக்குவானாயின், உலகத்தின் ஆரோக்கியமும் ஐசுவரியமும் மாறி வந்த பெருங்கதையில் பலர் வாசியாது விட்ட ஓர் அத்தியாயத்தை அங்கே காண்பான்.

1800ஆம் ஆண்டளவில் எந்தத் தேசத்திலும் ஜனங்களின் சராசரி ஆயுள் 40 வயதைத் தாண்டியதில்லை. இன்றோ உலகச் சராசரியே 70ஐக் கடந்துவிட்டது. செல்வம் பெருகும் நாட்டில் ஆயுளும் பெருகும் என்பது பொதுவிதி. அதற்கு விலக்காக, வறுமை நீங்குமுன்பே சாவைப் பின்னுக்குத் தள்ளிய நாடென்று அறிஞர்கள் இலங்கையைப் போற்றுவர். இலவச வைத்தியம், இலவசக் கல்வி, அரிசிப் பங்கீடு, கிராமங்களில் வீடு தேடி வரும் மருத்துவ மாதர், 1946 முதல் மலேரியாவை ஒடுக்கிய டி.டி.டி. பூச்சிமருந்து ஆகியவை அந்தப் புகழுக்குக் காரணங்கள்.

ஆனால் அந்தப் புகழ் மலையேறி வரவில்லை. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே தோட்ட வேலைக்கு நடந்து வந்தவர்களில் கொள்ளை நோய்க்கு இரையானோர் எத்தனையோ பேர். பிழைத்து வந்து சேர்ந்தவர்களுக்கும், அவர்கள் வழிவந்து தேயிலையில் உழைத்தவர்களுக்கும், வைத்தியம் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாயிற்று. உழைப்பாளியின் உடல்நலத்தை அவனிடம் வேலை வாங்குபவரின் கையிலேயே ஒப்படைத்த அந்த ஏற்பாடுதான் பிற்காலத் தீமைகளுக்கு வேர் என்பது என் துணிபு. 1948ஆம் ஆண்டுச் சட்டம் பிரஜாவுரிமையையும் பறித்தபின், சட்டசபையில் இவர்களுக்காக முறையிடும் வாக்கும் இல்லாதொழிந்தது. அதன் விளைவை 1974ஆம் ஆண்டின் பஞ்சம் வெளிப்படுத்தியது: நாடு முழுவதற்கும் ஆயிரம் சிசுக்களுக்கு 51 என்றிருந்த மரண விகிதம், தோட்டங்களில் 100ஐயும் தாண்டியது. ஒரே தீவு, ஒரே ஆண்டு.

தோட்டங்கள் அரசுடைமையான பின்பு சுகாதார சேவை மெல்ல மெல்ல லயத்து வாசலுக்கும் வந்தது. கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான சம்பளம் 1984இல் கிடைத்தது. பிரசவம் ஆஸ்பத்திரிக்கு மாறியது. குழந்தைகள் பிழைத்தார்கள். ஆயினும் பிழைத்த குழந்தை வளரவேண்டுமே! 2016ஆம் ஆண்டு ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாட்டில் 100க்கு 17 பேர். தோட்டப்புறத்திலோ 32 பேர். 2019இல் வறியோர் நாட்டில் 100க்கு 14 பேராக இருக்க, தோட்டங்களில் பாதிக்கும் மேற்பட்டோர். வைத்தியம் உயிரைக் காத்தது. உடலை வளர்க்கும் பாலும் முட்டையும் பருப்பும் சம்பளத்தால் அல்லவா வரவேண்டும்? நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆவதற்கே 2021 வரை போராட நேர்ந்தது.

ஆகவே, தோட்டத்து வைத்தியசாலைகள் அனைத்தையும் அரசாங்கமே பொறுப்பேற்க வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனிவீடும் காணியுறுதியும் கொடுக்க வேண்டும். வயிறார உண்ணப் போதுமான சம்பளம் கொடுக்க வேண்டும். இவற்றைச் சலுகையாக அல்ல, நீண்டகாலக் கடனாகக் கருதி இந்நாடு தீர்த்தல் வேண்டும்.