பூமிக்குள் காந்தக் கல் இல்லை

திசைகாட்டியின் முள் ஏன் வடக்கே திரும்புகிறது என்று கேட்டால், பூமியே ஒரு பெரிய காந்தம் என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சொல்லிவிடுவார்கள். பாடநூல்களில் பூமி உருண்டைக்குள் ஒரு சட்டக் காந்தம் சற்றுச் சாய்வாக வரையப்பட்டிருக்கும். அந்தக் கருத்துக்கு 400 வயதுக்கு மேல் ஆகிறது. 1600-ல் இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட் காந்தக் கல்லை உருண்டையாகக் கடைந்து, அதன்மேல் சிறு ஊசியை இடம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். மாலுமிகளின் ஊசி இடத்துக்கு இடம் எப்படிச் சரிந்ததோ, அதே முறையில் இந்த ஊசியும் சரிந்தது. முள்ளை இழுப்பது துருவ நட்சத்திரம் என்று பலர் நம்பியிருந்த காலத்தில், விசை நம் காலடியிலிருந்து வருகிறது என்று நிறுவியது மகத்தான வேலை. ஆனால் கில்பர்ட் சொன்னதில் பாதிதான் நிலைத்தது. விசை உள்ளிருந்துதான் வருகிறது. அதைத் தரும் காந்தக் கல் மட்டும் அங்கே இல்லை, இருக்கவும் முடியாது.

முடியாது என்று இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் வெப்பம். இரும்பின் ஒவ்வோர் அணுவும் அதன் எலக்ட்ரான்களால் ஒரு நுண்காந்தம். அவை ஒரே திசையில் அணிவகுத்து நின்றால்தான் இரும்புத் துண்டு காந்தமாகும். சூடு ஏற ஏற அந்த அணிவகுப்பு குலைந்து, ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் முற்றிலும் கலைந்துவிடும். பியர் கியூரி 1895-ல் விரிவாக ஆராய்ந்த இந்த எல்லை இரும்புக்கு 770 டிகிரி செல்சியஸ். காந்தக் கல்லான மேக்னடைட்டுக்கு ஏறத்தாழ 580. பூமியின் மேலோட்டில் ஒவ்வொரு கிலோமீட்டர் இறங்கும்போதும் வெப்பம் சுமார் 25 முதல் 30 டிகிரி கூடுகிறது. ஆகவே சில பத்து கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே எந்தப் பாறையும் காந்தமாக இருக்க இயலாது. பூமியின் நடுவில் ஓர் உட்கருவம் இருப்பதை நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமன் 1936-ல் நிலநடுக்க அலைகளைக் கொண்டு கண்டறிந்தாரே, அது திட இரும்பாயிற்றே, காந்தமாக இருக்கலாகாதா என்று கேட்கலாம். அங்கே வெப்பம் 5,000 டிகிரியை ஒட்டியது. அழுத்தமும் உதவிக்கு வராது: அவ்வளவு அழுத்தத்தில் இரும்பின் படிக அமைப்பே மாறி, காந்தமாகும் தன்மையை இழந்துவிடுகிறது.

காந்தக் கல்லுக்கு எதிரான அடுத்த சாட்சியம் இன்னும் பழையது. லண்டனில் காந்தமுள் உண்மையான வடக்கிலிருந்து விலகும் கோணம் 1580-ல் கிழக்கே ஏறக்குறைய 11 டிகிரியாக இருந்தது. 1634-ல் ஹென்றி கெல்லிபிராண்ட் அளந்தபோது அது சுமார் 4 டிகிரிதான். பின்னர் முள் வடக்கைக் கடந்து மேற்கே 24 டிகிரி வரை போய்த் திரும்பி, 2019-ல் கிரீனிச்சில் மறுபடி நேர் வடக்கைத் தொட்டது. ஜேம்ஸ் கிளார்க் ராஸ் 1831-ல் கனடாவின் வடகோடியில் கண்ட வட காந்தத் துருவம் இப்போது ஆர்க்டிக் கடலைத் தாண்டி சைபீரியாவை நோக்கி நகர்கிறது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 50 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. மலைகள் அசையாத கால அளவில் காந்தம் மட்டும் அலைகிறதென்றால், அதைத் தாங்கும் பொருள் ஓடக்கூடியதாக இருக்கவேண்டும்.

அந்த ஓட்டம் வானத்தில் ஏன் இருக்கக்கூடாது? இதற்குக் கணிதத்தால் விடை சொன்னவர் கணிதவியலாளர் காஸ். உலகின் பல இடங்களில் எடுத்த அளவுகளை வைத்து, உள்ளிருந்து வரும் பங்கையும் வெளியிலிருந்து வரும் பங்கையும் பிரித்தறியும் முறையை 1830-களின் இறுதியில் அவர் உருவாக்கினார். ஏறத்தாழ முழுதும் உள்ளிருந்து வருவதே. வெளிப்பங்கு மிகச் சிறியது, ஆனால் உண்மையானது. அதைப் பார்க்க நம் தெற்குச் சீமையைவிட நல்ல இடம் அரிது. காந்தமுள் எந்தப் பக்கமும் சரியாமல் கிடையாக நிற்கும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. அதன்மேல் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகல்தோறும் கிழக்கு நோக்கி மின்னோட்டம் பாய்கிறது. 1963-ல் ராக்கெட் ஏவக் கேரளத்தின் தும்பாவைத் தேர்ந்ததும், திருநெல்வேலியில் புவிகாந்த ஆய்வகம் இயங்குவதும் இதனால்தான். அந்த மின்னோட்டம் நண்பகலில் உண்டாக்கும் மாற்றமோ அங்குள்ள மொத்தப் புலத்தில் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

வலுவான மாற்றுக் கருத்து 1947-ல் இயற்பியலாளர் பேட்ரிக் பிளாக்கெட்டிடமிருந்து வந்தது. சுழலும் எந்தப் பெரும் பொருளும் சுழற்சியினாலேயே காந்தமாகும், அது இயற்கையின் விதி என்றார் அவர். அப்படியானால் சுரங்கத்தில் இறங்க இறங்கப் புலத்தின் கிடைக்கூறு குறையவேண்டும். மூலம் பூமியின் நடுவிலுள்ள கருவத்தில் இருந்தால் கூடவேண்டும். சுரங்க அளவுகள் கருவத்தின் பக்கம் நின்றன. பிளாக்கெட் தாமும் சுமார் 15 கிலோ எடையுள்ள தங்க உருளையைக் கொண்டு, பூமியோடு சேர்ந்து சுழலும் அது காந்தமாகிறதா என்று சோதித்தார். எந்தப் புலமும் தென்படவில்லை. நோபல் பரிசு பெற்றவர், தம் கருத்து தோற்றதைத் தாமே 1952-ல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார். விஞ்ஞான வரலாற்றில் எனக்கு மிகவும் மதிப்புக்குரிய கட்டுரைகளில் அது ஒன்று. அந்தச் சோதனைக்காக அவர் செய்த நுண்ணிய காந்தமானி வீணாகவில்லை. அது பாறைகளைப் படிக்கும் கருவியாயிற்று. அவருடைய குழுவினர் தக்காண எரிமலைப் பாறைகளையும் ஆராய்ந்தார்கள்.

எரிமலைக் குழம்பு ஆறும்போது அன்றைய காந்தத் திசை அதில் உறைந்துவிடும். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இறுகிய தக்காணப் பாறைகளில் பெரும்பாலானவை தலைகீழான திசையைக் காட்டுகின்றன: அன்று ஒரு திசைகாட்டி இருந்திருந்தால் அதன் வடமுனை தெற்கே திரும்பியிருக்கும். சில பாறைகள் ஆறும்போது தாமாகவே எதிர்த்திசையில் காந்தமாகும் என்ற மறுப்பு எழுந்தது. ஜப்பானில் அத்தகைய பாறையும் கிடைத்தது. ஆனால் 1960-களில் வயதைக் கணித்துப் பார்த்தபோது, வெவ்வேறு கண்டங்களில் ஒரே காலத்தில் உறைந்த பாறைகள் ஒரே திசையையே காட்டின. புரண்டது பூமியின் புலம்தான். கடைசிப் புரள்வு நடந்து சுமார் 7,80,000 ஆண்டுகள் ஆகின்றன.

இத்தனைக்கும் பொருந்தும் விளக்கத்தின் விதையை 1919-ல் இயற்பியலாளர் ஜோசப் லார்மர் இட்டார். 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் தொடங்கும் வெளிக்கருவம் உருகிய இரும்பு. உள்வெப்பம் அதைக் கிளறிப் புரட்டுகிறது. பூமியின் சுழற்சி அந்த ஓட்டத்தை முறுக்கி ஒழுங்குபடுத்துகிறது. காந்தப்புலத்தினூடே உலோகம் நகர்ந்தால் அதில் மின்சாரம் பிறக்கும். மின்சாரம் புதிய காந்தப்புலத்தைப் பிறப்பிக்கும். சைக்கிள் டைனமோவும் இந்த விதியில்தான் விளக்கெரிக்கிறது, ஆனால் அதற்குள் ஏற்கெனவே ஒரு காந்தம் உண்டு. பூமிக்கு முதல் காந்தம் எங்கிருந்து வந்தது? மிகமிக மெல்லிய புலம் ஒன்று போதும். சூரியனுடையதே போதும், ஓட்டம் அதை வளர்த்துவிடும். இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. 1999-ல் லாட்வியாவின் ரீகாவிலும் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவிலும் உருகிய சோடியத்தை வேகமாகப் பாய்ச்சியபோது, புலம் தானாக வளர்ந்தது.

மிச்சமிருக்கும் கடினமான கேள்வி எரிபொருளைப் பற்றியது. ஓட்டம் நின்றால் சில பத்தாயிரம் ஆண்டுகளில் புலம் மங்கிவிடும். தென்னாப்பிரிக்கப் பாறைகளோ 340 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அது இருந்ததைக் காட்டுகின்றன. இன்று முக்கிய உந்துதல் உட்கருவம் உறைந்து வளர்வதிலிருந்து கிடைக்கிறது: இரும்பு உறையும்போது வெப்பமும் இலேசான தனிமங்களும் வெளியேறி மேலெழுகின்றன. 2012-ல் வந்த கணிப்புகள் உருகிய இரும்பு நினைத்ததைவிட இரண்டு மூன்று மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும் என்றன. அது சரியென்றால் கருவம் வேகமாகக் குளிர்ந்திருக்கும், உட்கருவம் மிக இளையதாக இருக்கும், அதற்கு முந்தைய காலத்துக்கு வேறோர் உந்துதல் தேவைப்படும். கருவத்தில் கரைந்திருந்த மக்னீசியம் ஆக்சைடாகப் பிரிந்து மேலேறியது அந்த வேலையைச் செய்திருக்கலாம் என்கிறார்கள் சிலர். 2016-ல் இரண்டு குழுக்கள் வைர முனைகளுக்கிடையே இரும்பை நசுக்கிச் சூடாக்கி அளந்தன. ஒரே இதழில் வெளியான அந்த ஆய்வுகளில் ஒன்று கடத்துத்திறன் அதிகம் என்றது, மற்றது குறைவு என்றது. உட்கருவத்தின் வயது 100 கோடி ஆண்டுக்கும் குறைவா, அதைப்போல் பல மடங்கா என்பது இந்த ஒரே அளவைப் பொறுத்திருக்கிறது.