துண்டுக் காட்சிகளில் ஒரு புதுக்கதை

விருப்பமான படக்காட்சிகளை வெட்டி, ஒரு பாடலுக்கேற்பத் தொகுப்பதே ரசிகர் காணொளிக் கலை. 1975-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேண்டி ஃபாங் என்னும் பெண்மணி, 'ஸ்டார் டிரெக்' தொடரின் ஸ்லைடுகளைப் பாடலோடு இணைத்துக் காட்டி இதற்கு வித்திட்டார். பின்னர் இரண்டு வி.சி.ஆர். கருவிகளால் இது வளர்ந்தது. இன்று ஒரு கணினி போதும்.

முதலில் பாடலைப் பலமுறை கேளுங்கள். அது எந்தப் பாத்திரத்தின் மனத்தைச் சொல்கிறது எனத் தீர்மானித்து, அதற்குரிய காட்சிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தாளம் விழும் இடத்தில் காட்சியை மாற்றுங்கள். முதல் முயற்சி ஒரு நிமிடத்திற்குள் அடங்கட்டும்.

நான் முதலில் பிடித்த காட்சிகளையெல்லாம் சேர்த்தேன்; தங்கைக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாதியை நீக்கினேன், அவள் கண் கலங்கினாள். பிடித்ததையும் விட்டுவிடத் தெரிவதே இக்கலையின் முதற் பாடம்!